மூன்று தரம் மாறிய நேர்முகத் திகதி: நாலாவது தரமும் கொழும்புக்கு பஸ் ஏறலாமா?

வாசகர் கேள்வி:

நான் தருமபுரம். வயது 27. உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படித்து, கணக்கியல் டிப்ளோமாவும் முடித்திருக்கிறேன். நாலு வருடமாகக் கிளிநொச்சி நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறேன். கொழும்பு நிறுவனம் ஒன்று கிளிநொச்சியில் கிளை திறக்கிறது, கணக்கு உதவியாளர் தேவை என்று ஓர் ஆட்சேர்ப்பு ஏஜென்சி முகநூலில் போட்டிருந்தது. விண்ணப்பித்து இரண்டு மாதமாகிறது. சுயவிபரக் கோவையை மூன்று தரம் கேட்டு வாங்கினார்கள். முதல் நேர்முகம் ஸூமில் என்றார்கள், லிங்க் வரவேயில்லை. இரண்டாவது திகதி போயா நாளில் விழுந்ததால் விட்டுவிட்டார்கள். மூன்றாவதுக்கு லீவு எடுத்து இரவு பஸ்ஸில் கொழும்பு போனேன். நேர்முகம் செய்பவர் இன்றைக்கு வரவில்லை என்று பதினொன்றரைக்குச் சொன்னார்கள். சம்பளம் முதலில் 80,000 என்றார்கள், பிறகு 65,000 என்றார்கள். கிளிநொச்சி என்ற வேலை இப்போது ‘முதல் ஆறு மாதம் வவுனியாவாகவும் இருக்கலாம்’ ஆகிவிட்டது. வரும் செவ்வாய் 10 மணிக்குத் திரும்பவும் கொழும்புக்கு வரட்டாம், மூலச் சான்றிதழ்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கட்டாம். கடை முதலாளி லீவு என்றாலே முகம் சுளிக்கிறார். வேலையை விட்டுவிட்டு இதன் பின்னால் போகவா, இதையே விட்டுவிடவா? நிறுவனத்துக்கு நேரே எழுதினால் பிழையாகுமா?

(பெயர் வேண்டாம், தருமபுரம்)

பதில்:

தங்கச்சி, முதலில் செவ்வாய்க்கிழமையைத் தீர்த்துக்கொள்வோம். நேர்முகம் செய்பவரின் பெயர், இடம், நேரம் மூன்றும் எழுத்தில் வராமல் பஸ் ஏற வேண்டாம். கடை வேலையை இப்போது விடவே வேண்டாம். மூலச் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒருவர் கையிலும் விட்டுவிட்டு வரக்கூடாது. நிறுவனத்துக்கு நேரே எழுதுவது பிழையில்லை, ஆனால் அதற்கொரு முறையும் நேரமும் இருக்கிறது. இந்த வாய்ப்பை இப்போதே கைவிடவும் தேவையில்லை. குழறுபடி ஏஜென்சியில் இருக்கிறதா, நிறுவனத்திலேயே இருக்கிறதா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மின்னஞ்சல் போதும், இன்னொரு இரவுப் பயணம் தேவையில்லை.

இது மோசடியாக இருக்குமோ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்பு, சீருடைக் காசு என்று எதுவும் உங்களிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. வங்கி அட்டைப் படமோ, தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கமோ கேட்டதாகவும் இல்லை. ஆகவே இதுவரை தெரிகிறது ஒழுங்கீனம் மட்டுமே. இவற்றில் ஒன்றைக் கேட்ட நிமிடமே கதையை நிறுத்திவிடுங்கள். உள்ளூர் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சி தன் கூலியை நிறுவனத்திடம்தான் வாங்குகிறது.

அந்தக் கூலி எப்படி வருகிறது என்று தெரிந்தால் உங்கள் இரண்டு மாதக் குழப்பத்தில் பாதி விளங்கிவிடும். பெரும்பாலான ஏஜென்சிகளுக்கு ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான் காசு. ஒரு மாதச் சம்பளம், அல்லது வருடச் சம்பளத்தில் ஒரு வீதம் என்று பேசியிருப்பார்கள். சேர்ந்தவர் சில மாதத்துக்குள் விட்டுப் போனால் இன்னொருவரைக் காசில்லாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதே வெற்றிடத்தை நிறுவனம் வேறு ஏஜென்சிகளுக்கும் கொடுத்திருக்கலாம். யாருடைய ஆள் முதலில் தெரிவாகிறாரோ அவருக்குத்தான் கூலி. ஆகவே உங்களோடு கதைக்கும் அலுவலர் ஒரே நேரத்தில் பல வெற்றிடங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கையில் அகப்பட்ட கோவைகளை அனுப்பிக்கொண்டிருப்பார். பதவி விபரம் பல நேரம் அவரிடம் எழுத்தில் இருக்காது. நிறுவனத்தில் யாரோ தொலைபேசியில் சொன்னதைக் குறித்து வைத்திருப்பார். இடமும் சம்பளமும் வாய்க்கு வாய் மாறுவது அதனால்தான். அவர் எதையும் தீர்மானிக்கிறவர் இல்லை. கோபத்தை அவர் மேல் இறக்கினால் மனம் ஆறும், காரியம் நகராது.

கோவையை மூன்று தரம் கேட்டதற்கு அவருடைய மறதியைவிட உங்கள் பெயர் காரணமாக இருக்கலாம். நம்மவர்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதுகிறோம். கொழும்பில் பெயர்ப் பட்டியல் போடுகிறவர் முதல் சொல்லையே உங்கள் பெயராக எடுத்துப் பதிந்துவிடுவார். அடுத்த கிழமை உங்கள் சொந்தப் பெயரில் தேடினால் ஆளே இல்லை. இதில் அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டு, சாதாரண தரச் சான்றிதழில் இன்னொன்று, மின்னஞ்சல் முகவரியில் மூன்றாவது என்று இருந்தால் நீங்கள் மூன்று ஆட்களாகிவிடுவீர்கள். பழைய 9 இலக்க அடையாள அட்டை எண்ணை ஒரு இடத்திலும் புதிய 12 இலக்க எண்ணை இன்னொரு இடத்திலும் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

இதைத் திருத்தக் கால் மணித்தியாலம் போதும். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டையே கோவையின் தலைப்பிலும், கோப்பின் பெயரிலும், மின்னஞ்சலின் தலைப்பு வரியிலும் போடுங்கள். கோப்புக்கு ‘சி.வி. புதியது’ என்று பெயர் வைக்காதீர்கள். அவருடைய கணினியில் அந்தப் பெயரில் நாற்பது கோப்பு கிடக்கும். உங்கள் பெயர், பதவி, கிளிநொச்சி, மாதமும் வருடமும் என்று வையுங்கள். வேர்ட் கோப்பாக அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக்குங்கள், கைத்தொலைபேசியில் திறந்தாலும் வரிகள் குலையாது. கோவையை இனியும் கேட்டால் புதிதாக அனுப்பாமல், முதலில் அனுப்பிய மின்னஞ்சலையே மறுபடி முன்னனுப்புங்கள். எந்தத் திகதியில் அனுப்பினீர்கள் என்பது அதிலேயே தெரியும், நீங்கள் குறை சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. அலுப்பில் இதே வெற்றிடத்துக்கு இன்னொரு ஏஜென்சி மூலமும் விண்ணப்பித்துவிடாதீர்கள். ஒரே ஆளின் கோவை இரண்டு ஏஜென்சியால் வந்தால் கூலி யாருக்கு என்ற தகராறு வரும். அந்தத் தலையிடி வேண்டாம் என்று சில நிறுவனங்கள் ஆளையே ஒதுக்கிவிடும். வேறு நிறுவனத்தின் வேறு பதவிக்கு எத்தனை ஏஜென்சியில் வேண்டுமானாலும் போடலாம்.

திகதி திரும்பத் திரும்ப மாறுவதற்கு நிறுவனத்தின் பக்கமும் ஒரு காரணம் இருக்கக்கூடும். புதிய கிளை என்கிறீர்கள். புதிய கிளைகளில் வழக்கமாக நடப்பது, கிளை முகாமையாளர் நியமனமாக முன்னரே கீழ்ப் பதவிகளுக்கு ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். பிறகு, ‘தன் ஆட்களை முகாமையாளரே பார்த்து எடுக்கட்டும்’ என்று மேலிடம் நிறுத்தி வைக்கும். கட்டட வாடகை ஒப்பந்தம் இழுபட்டாலும், அந்தப் பதவிக்குத் தலைமை அலுவலகத்தின் நிதி அனுமதி வராவிட்டாலும் இதே தேக்கம்தான். வவுனியா என்ற கதை திடீரென்று வந்ததைப் பார்த்தால் கிளிநொச்சிக் கிளை பிந்துகிறது, அதுவரை உங்களை வவுனியாவில் இருத்தப் பார்க்கிறார்கள் என்பது என் ஊகம். எனவே ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்’ என்று கேட்பதால் பயனில்லை. ஏஜென்சி அலுவலரிடம் இந்த மூன்றைக் கேளுங்கள்: இது புதிய பதவியா, விலகிப் போனவரின் இடமா? பதவிக்கு அனுமதி கிடைத்துவிட்டதா? கிளை முகாமையாளர் நியமனமாகிவிட்டாரா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் வேலை உண்மையில் இருக்கிறது. ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று வந்தால், அவருக்கே தெரியாது என்பதாவது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்றைக்கே அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் இது. வட்ஸ்அப்பில் ‘மெயில் போட்டிருக்கிறேன்’ என்று ஒரு வரி மட்டும் போதும். ஆங்கிலத்தில் எழுதுவதானாலும் இதே ஒழுங்கில், இதே நீளத்தில் எழுதுங்கள்:

“வணக்கம். கணக்கு உதவியாளர் (கிளிநொச்சி) பதவிக்கான நேர்முகம் தொடர்பானது. முன்னைய மூன்று திகதிகளிலும் நேர்முகம் நடைபெறவில்லை. மூன்றாவது திகதியில் நான் கொழும்புக்கு வந்திருந்தேன். வரும் செவ்வாய் காலை 10.00 மணிக்கு வர ஆயத்தமாக இருக்கிறேன். நேர்முகம் செய்பவரின் பெயரும் பதவியும், அலுவலக முகவரியும் மாடியும், எந்த மொழியில் நடைபெறும், எழுத்துப் பரீட்சை உண்டா, வேலை செய்யும் இடம், அடிப்படைச் சம்பளம் ஆகியவற்றை வெள்ளிக்கிழமை மாலை 4.00 மணிக்கு முன் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தவும். உறுதிப்படுத்த இயலாவிட்டால் அதே நேரத்தில் ஸூம் மூலம் கலந்துகொள்வேன். நன்றி.”

இதில் கோபமான சொல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த மின்னஞ்சல் அப்படியே நிறுவனத்துக்கு முன்னனுப்பப்படலாம். அதை வாசிக்கிறவர் உங்களை ஒழுங்கான ஆளாகப் பார்க்க வேண்டும். வெள்ளி 4 மணி என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டு. நீங்கள் திங்கள் இரவு பஸ் ஏற வேண்டும். திங்கள் காலை வரும் பதிலை நம்பினால் சீற்றும் இருக்காது, லீவும் கேட்க முடியாது.

ஏஜென்சிக்காரர் எழுதாமல் தொலைபேசியில் அழைத்து ‘ஓம், ஓம், எல்லாம் சரி, வாங்கோ’ என்றால் என்ன செய்வது? நிச்சயம் அப்படித்தான் அழைப்பார். சந்தோசமாகக் கேட்டுவிட்டு, கோல் முடிந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் நீங்களே எழுதுங்கள்: ‘சற்று முன் கதைத்தபடி, செவ்வாய் 10.00 மணி, இன்ன முகவரி, இன்னார் நேர்முகம் செய்வார், பிழை இருந்தால் அறியத் தரவும்.’ அவர் எழுதாவிட்டாலும் எழுத்து உங்களிடம் இருக்கும். கடையில் நிற்கும்போது அழைப்பு வந்தால் சம்பளம் பற்றியோ இடம் பற்றியோ அந்த இடத்தில் பதில் சொல்லாதீர்கள். ‘வேலையில் நிற்கிறேன், ஐந்தரைக்கு நானே எடுக்கிறேன்’ என்றால் யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

போவதென்று முடிவானால், திங்கள் பிற்பகல் 3 மணிக்கு நிறுவனத்தின் பொது இலக்கத்துக்கு அழையுங்கள், ஏஜென்சியின் இலக்கத்துக்கு அல்ல. ‘நாளை 10 மணிக்கு இன்னாருடன் எனக்கு நேர்முகம், அவர் நாளை அலுவலகத்தில் இருப்பாரா’ என்று வரவேற்பில் கேளுங்கள். போன தரம் இந்த ஒரு கேள்வி உங்கள் பயணத்தை மிச்சப்படுத்தியிருக்கும். இரவு பஸ் விடியப் புறமே கொழும்பில் இறக்கிவிடும். நேர்முகத்துக்கு இன்னும் நாலைந்து மணித்தியாலம் கிடக்கும். வெள்ளவத்தைப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் முகம் கழுவி உடுப்பு மாற்ற முதல் நாளே சொல்லி வையுங்கள். பயணச் செலவைத் திருப்பித் தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆனாலும் போன தரம் அவர்கள் பிழையால் வீணாகப் போனீர்கள். டிக்கெட்டின் படத்தோடு தொகையைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு தரம் கேட்கலாம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் இரண்டாம் தரம் கேட்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து முதல் சுற்று நேர்முகத்துக்குப் போவதே தேவையில்லாத செலவு. முதல் சுற்றை ஸூமில் வைத்து, தெரிவானால் இரண்டாவது சுற்றுக்கு வருகிறேன் என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஸூமுக்குச் சில ஆயத்தங்கள் உண்டு. லிங்க் முதல் நாள் மாலைக்குள் வராவிட்டால் நீங்களே கேளுங்கள், அன்றைக்குக் காலை 8.30க்கு இன்னொரு தரம் கேளுங்கள். இலவசக் கணக்கில் நடத்தினால் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக அறுந்துவிடும். பதறாமல் அதே லிங்கால் திரும்ப உள்ளே போய்ப் பாருங்கள், போகாவிட்டால் உடனே வட்ஸ்அப்பில் சொல்லுங்கள். ஒரு மணித்தியால வீடியோவுக்கு ஒரு ஜி.பி.க்குக் குறையாமல் டேட்டா வைத்திருங்கள், அது இரவு டேட்டாவாக இருந்துவிடக் கூடாது. தருமபுரத்தில் உங்கள் வீட்டுக்குள் சிக்னல் எப்படி என்று நேர்முகம் நடக்கும் அதே மணிக்கு முதல் நாள் ஒருவரோடு வீடியோவில் கதைத்துப் பாருங்கள். இரவில் நன்றாக இருப்பது பகல் 10 மணிக்கு இழுபடலாம். கரண்ட் போனால் வைஃபை ரூட்டரும் போய்விடும், அதனால் தொலைபேசி நிறைய சார்ஜில் இருக்கட்டும். வெளி விறாந்தையில் இருந்தால் சிக்னல் பிடிக்கும் என்று போய் இருப்பார்கள், பிறகு கோழியும் லான்ட்மாஸ்டரும் நேர்முகத்தில் கலந்துகொள்ளும். சிக்னல் கிடைக்கும் அறை ஒன்று இல்லாவிட்டால், நகரில் படித்த டிப்ளோமா நிறுவனத்தில் ஒரு மணித்தியாலம் வகுப்பறை கேட்டுப் பாருங்கள்.

இப்படிக் குழம்பிய இடங்களில் நேர்முகம் செய்பவரும் உங்கள் கோவையை வாசிக்காமலே வந்திருப்பார். அச்சிட்ட பிரதி இரண்டு கொண்டு போங்கள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ஒன்றரை நிமிடத்துக்குள் நாலு வருட வேலையைச் சொல்லத் தெரிய வேண்டும்: நாளுக்கு எத்தனை பற்றுச்சீட்டு, சில்லறைக் காசேடு யார் பொறுப்பு, வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை நீங்களே தயாரிக்கிறீர்களா, கடன் வாடிக்கையாளர் கணக்கை எப்படிப் பின்தொடர்கிறீர்கள், எந்த மென்பொருள். வற் வரி 18 வீதத்தில் ஒரு கணக்கும், எக்செலில் ஒரு சின்ன வேலையும் கொடுத்துப் பார்ப்பது இந்தப் பதவிக்கு வழமை.

இனிச் சம்பளம். 80,000, 65,000 என்ற இரண்டும் ஒரே சம்பளமாகவே இருக்கலாம். நிறுவனங்கள் சிலவேளை ஓர் ஊழியருக்குத் தங்களுக்கு ஆகும் மொத்தச் செலவைச் சம்பளம் என்று சொல்லும். ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும். மொத்தச் செலவு 80,000 என்றால் அதற்குள் சம்பளம் ஏறத்தாழ 69,565 தான். அதில் உங்கள் பங்கு 8 வீதம் கழிந்தால் கைக்கு வருவது 64,000. ஏஜென்சிக்காரர் முதலில் ஒரு எண்ணைக் கேட்டிருப்பார், பிறகு மற்றதைக் கேட்டிருப்பார். இன்னொரு சாத்தியம், தகுதிகாண் காலத்தில் 65,000, நிரந்தரமானபின் 80,000. மூன்றாவது சாத்தியம், அடிப்படை 65,000, படிகள் 15,000.

எதுவென்று கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் கைக்கு வருகிற தொகை கூடுதலாகத் தெரிகிற சம்பளம் சிலவேளை நட்டச் சம்பளம். ஒரு உதாரணம். 80,000 முழுவதும் அடிப்படை என்றால் 6,400 கழித்து 73,600 கைக்கு வரும், சேமலாப நிதியில் மாதம் 16,000 சேரும், நம்பிக்கை நிதியில் 2,400. அதே 80,000 ஐ அடிப்படை 50,000, போக்குவரத்து மற்றும் தொலைபேசிச் செலவு மீளளிப்பு 30,000 என்று பிரித்தால் 76,000 கைக்கு வரும், ஆனால் சேமலாப நிதியில் 10,000 தான் சேரும், நம்பிக்கை நிதியில் 1,500. பார்க்க 2,400 கூட, உண்மையில் மாதம் 6,900 உங்கள் கணக்குகளில் குறைகிறது. ஐந்து வருடம் முடித்தபின் கிடைக்கும் பணிக்கொடையையும் அந்தச் சின்ன அடிப்படையிலேயே கணக்கிடுவார்கள். ‘ஆலோசகர் ஒப்பந்தம்’ என்று எழுதித் தந்தால் இந்த நிதிகள் எதுவுமே இல்லை. கணக்குப் பார்க்கும் பிள்ளைக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை என்றாலும், மற்றவர் கணக்கைப் பார்க்கிற கவனத்தோடு தன் சம்பளத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு.

வவுனியாவும் சம்பளக் கேள்விதான். கிளிநொச்சி நகரிலிருந்து வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர், அதற்கு முன் தருமபுரத்திலிருந்து பரந்தன் வந்து நகருக்கு வரும் தூரம் வேறு. தினம் போய் வருகிற தூரம் இல்லை, தங்க வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, கிழமைக்கொரு தரம் வீட்டுக்கு வரும் செலவு மூன்றையும் 65,000 இல் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கடைச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். ஆறு மாதம் என்றால் எந்தத் திகதி தொடக்கம் எந்தத் திகதி வரை, அந்தக் காலத்துக்குத் தங்குமிடப் படி உண்டா என்பது நியமனக் கடிதத்தில் வர வேண்டும். ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்கு யாரும் வாடகை கட்டித் தர மாட்டார்கள்.

நிறுவனத்துக்கு நேரே எழுதுவது எப்போது? வெள்ளி 4 மணிக்கு ஏஜென்சியிடமிருந்து பதில் வராவிட்டால் திங்கள் காலை. நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ள மனிதவளப் பிரிவின் முகவரிக்கு, ஏஜென்சிக்குப் பிரதி போட்டு எழுதுங்கள். பிரதி போடுவது முக்கியம், முதுகுக்குப் பின்னால் போன மாதிரி இருக்காது. பதவி, எந்த ஏஜென்சி மூலம் விண்ணப்பித்தீர்கள், எந்தத் திகதிகள் தரப்பட்டன, மூன்றாவது திகதியில் நேரில் வந்தீர்கள், இன்னமும் ஆர்வமாக இருக்கிறீர்கள், செவ்வாய் நேர்முகம் இருக்கிறதா என்று ஆறு வரி. ஏஜென்சி சரியில்லை என்று ஒரு சொல்லும் வேண்டாம், திகதிகளே சொல்லிவிடும். ‘ஏஜென்சி இல்லாமல் என்னை நேரே எடுங்கள், உங்களுக்குக் கூலி மிச்சம்’ என்றும் எழுதாதீர்கள். அவர்களுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது, அப்படி எழுதினால் சந்தேகப்படுவது உங்களைத்தான். நல்ல நிறுவனம் என்றால் இரண்டு நாளுக்குள் யாராவது உங்களை அழைப்பார்கள். அவர்களும் வாய் திறக்காவிட்டால் குழறுபடி எங்கே என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது, அங்கே போய் மாதக் கணக்கு முடிக்கப் போகிறவரும் நீங்கள்தான்.

சான்றிதழ் விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். 2009 இல் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, பிறப்புச் சான்றிதழிலிருந்து திரும்ப எடுத்த குடும்பங்கள் உங்கள் ஊரிலேயே இருக்கும். பரீட்சைச் சான்றிதழைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துத் திரும்ப எடுக்கலாம். டிப்ளோமாவைத் தந்த தனியார் நிறுவனம் நாளைக்குப் பூட்டினால் அதைத் திரும்பத் தர ஆளில்லை. திகதியையே ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாத அலுவலகம் உங்கள் கோப்பை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும் என்று எப்படி நம்புவது? மூலத்தைக் காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கட்டும், திரும்ப உங்கள் பைக்குள் வையுங்கள். கொடுப்பது போட்டோக்கொப்பி மட்டும். ஒவ்வொரு கொப்பியிலும், எழுத்துகளை மறைக்காமல் குறுக்காக, ‘இன்ன நிறுவனத்தின் கணக்கு உதவியாளர் பதவிக்கு மட்டும்’ என்று எழுதித் திகதி போட்டு ஒப்பமிடுங்கள். கிராம அலுவலர் சான்றிதழுக்கும் பொலிஸ் அறிக்கைக்கும் இப்போது அலையாதீர்கள். நியமனம் உறுதியான பிறகு கேட்பார்கள். முந்தி எடுத்தால் வேலை கிடைக்கும் நேரத்தில் அது பழசாகிவிடும்.

கடை வேலையை விடுவதற்கு ஒரே அடையாளம் உண்டு: நிறுவனத்தின் தலைப்புத் தாளில், பதவி, இடம், அடிப்படைச் சம்பளம், படிகள், தகுதிகாண் காலம், சேரும் திகதி எழுதி, அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட்ட நியமனக் கடிதம். வட்ஸ்அப்பில் ‘வாழ்த்துகள், நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள்’ என்று ஏஜென்சிக்காரர் பூச்செண்டுப் படம் அனுப்புவது நியமனம் ஆகாது. கடிதம் கைக்கு வந்த அன்றைக்குத்தான் முதலாளிக்கு விலகல் கடிதம். உங்கள் கடை நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று இருக்கிறதோ அதைக் கொடுங்கள், புதிய இடத்தில் சேரும் திகதியை அதற்கேற்ப முதலே பேசிக்கொள்ளுங்கள். கடைக்காரர் கடிதமே தரவில்லை என்றால் ஒரு மாதம் கொடுப்பது மரியாதை. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலை விபரத்தை எழுத்தில் தருவது அவர் கடமை. அதே சட்டத்தின்படி, முதல் வருடம் தாண்டிய உங்களுக்கு வருடம் 7 நாள் அமைய லீவும் 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. முகம் சுளிக்கட்டும், லீவு உங்களுடையது. ஆனால் ஏழு நாளையும் இந்த ஒரு நேர்முகத்துக்கே கரைத்துவிடாதீர்கள்.

நேர்முகம் நடந்தபின் முடிவை எப்போது சொல்வீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். சொன்ன திகதி கழிந்து மூன்று வேலை நாளில் ஒரு மின்னஞ்சல், அதிலிருந்து ஒரு கிழமையில் இன்னொன்று. அதற்கு மேல் எழுத வேண்டாம். மௌனமாக இருந்தால் முதலில் தெரிவான ஒருவரோடு சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் மறுத்தால் உங்களை அழைப்பார்கள். அந்த இடைவெளியில் கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்கு ஒருக்கா போய், மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தரிடம் உங்கள் விபரத்தைப் பதிந்துவிட்டு வாருங்கள். கிளிநொச்சியில் ஆள் தேடும் நிறுவனங்கள் அங்கேயும் கேட்கின்றன, காசு இல்லை, கொழும்பு போகவும் தேவையில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களைப் பற்றி விசாரிக்கக்கூடியவர் (ரெஃபரி) என்று உங்கள் கோவையில் யாரின் பெயர், இலக்கம் போட்டிருக்கிறீர்கள்? தற்போதைய முதலாளியாக இருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு, ‘நியமனம் உறுதியாகும் வரை தற்போதைய வேலைத்தலத்துடன் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். இந்த ஏஜென்சிக்காரர் ஏதோ ஒரு அவசரத்தில் கடை இலக்கத்துக்கே அழைத்து உங்களை விசாரிக்கக் கூடியவர். டிப்ளோமா விரிவுரையாளர் ஒருவரையும், உங்களைத் தெரிந்த பாடசாலை அதிபரையோ ஆசிரியரையோ அவர்களிடம் முதலே கேட்டுவிட்டுப் போடுங்கள். கடையின் கணக்காய்வாளரைப் போடாதீர்கள். அவர் முதலாளியோடு மாதம் ஒருக்கா இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஆள்.